பன்னிரண்டு நிமிஷத்தில் பெஷாவர்

வாஸ்கோ ட காமாவுக்கு மட்டும் இப்படி ஒரு கமிட்டி வாய்த்திருந்தால் இந்தியா இன்று சுதந்திர நாடாக இருந்திருக்கும். கப்பல் பாய்க்கு என்ன நிறம் என்ற விஷயத்தில் ஏகமனதான முடிவு வரட்டும் என்று மனுஷர் லிஸ்பனிலேயே காத்திருந்து, வயதாகி, அவஸ்தைப் பூசுதல் பெற்று நல்ல மரணம் அடைந்திருப்பார். வெள்ளைக்காரன் வந்திருக்க மாட்டான். கிறிஸ்தவ வேதம் வந்திருக்காது. சில்வெஸ்டர் என்ற பெயரில் ஒருவர் பிறந்திருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த கையோடு, முக்காட்டைக்கூட எடுக்காமல், இங்கே நின்று நான் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கவும் மாட்டேன்.

பெர்னதெத் இதை நினைத்ததோடு சரி. நினைத்ததற்காகவே அடுத்த நிமிஷம் வெட்கப்பட்டாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எத்தனையோ வீடுகள் இருக்க, சினிமாவின் எதிர்காலம் அவள் வீட்டு முன்ஹாலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அதற்குக் காப்பி ஆற்றுகிறவள் இப்படியா நினைப்பது?

அவளுடைய வெட்கம் நியாயமானதுதான். 1937-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அந்த முன்ஹாலில் உதயமான ‘பெங்களூர் கண்டோன்மெண்ட் சுயேச்சை உண்மைப் படச் சங்கம்’ சாதாரணச் சங்கம் அல்ல. ராஜா ராணி வேஷம், அறுபது பாட்டு, ஆகாயத்தில் பறக்கும் தேவர்கள் ஆகிய எதுவும் இல்லாமல், எந்த சினிமாக் கம்பெனி வாசலிலும் கைகட்டி நிற்காமல், நடந்ததை நடந்தபடியே எடுத்து ஜனங்களுக்குக் காட்டுவது அதன் லட்சியம். இந்த மாதிரி படங்கள் லண்டனில் வந்துவிட்டதாக ரெமிஜியஸ் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தார். லண்டனில் வந்துவிட்டதென்றால் கண்டோன்மெண்டிலும் வந்தாகவேண்டும். அதற்கு மேல் காரணம் கேட்பவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை.

ரெமிஜியஸ் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு பட்டாளத்துத் துரையிடமிருந்து சின்ன சினிமாக் காமிரா ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். பிறகு உலகத்தை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி சாவி கொடுக்க வேண்டும்.

சங்கத்துக்குத் தலைமை வகித்த அக்ராசனர் சீனிவாசராகவன் மைசூர் சமஸ்தானத்தில் தாலுகா அமல்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மல்லேஸ்வரத்திலிருந்து ஜட்கா வண்டியில் வருவார். கையில் ஒரு வெள்ளிக் கூஜா இருக்கும். இந்தப் படத்தின் மூலம் பாரத தேசத்தின் ஒற்றுமையைப் பாமரருக்கு உணர்த்துவது என்ற முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. முன்மொழிந்துவிட்டு, அந்தக் கிறிஸ்தவ வீட்டுக் காப்பியைத் தொடாமல், கூஜாவைத் திறந்து தம் சொந்தக் காப்பியை ஊற்றிக் குடித்தார். ஒற்றுமை வேறு, காப்பி வேறு.

காரியதரிசி, பெர்னதெத்தின் கணவர் சில்வெஸ்டர். சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். ‘மேற்படி’ என்ற சொல் இல்லாமல் அவரால் மோர்கூடக் கேட்க முடியாது. கூட்ட நடவடிக்கைகளைக் குறிப்பெழுதுவது காரியதரிசியின் கடமை என்று விதிகளில் இருந்தபடியால் அதைப் பெர்னதெத் எழுதிவந்தாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

இன்னொருவன் நோயல். பெர்னதெத்தின் தம்பி, இருபத்துமூன்று வயது, அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. சங்கத்தில் அவனுக்கு ஓட்டு கிடையாது. வாசல் பக்கமாக ஒரு முக்காலியில் உட்காருவான். படம் அவனைப் பற்றியது.

விஷயம் ஆரம்பித்தது ஜனவரியில். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நோயல், “மச்சான், சைக்கிள்ல பெஷாவர் வரைக்கும் போய்ட்டு வரலாம்னு இருக்கேன்,” என்றான்.

“எதுக்கு?” என்றார் சில்வெஸ்டர்.

“சும்மா, போறதுக்குத்தான்.”

“எப்ப?”

“திங்கக்கிழமை.”

சில்வெஸ்டரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. இரண்டாயிரம் மைல் தூரத்தை ஒருவன் ‘திங்கக்கிழமை’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பது அவருடைய இருபது வருஷ உத்தியோகத்துக்கே அவமானமாகப் பட்டது. “டேய், ஏற்பாடில்லாம போனா அதுக்குப் பேரு ஊர் சுத்தறது. ஏற்பாட்டோட போனாத்தான் அது யாத்திரை. ஸ்வல்ப பொறு. நான் பாத்துக்கறேன்.”

நோயல் பொறுத்தான். அடுத்த திங்கட்கிழமையும் பொறுத்தான். அதற்குள் சங்கம் பிறந்துவிட்டது. அதன் பிறகு பொறுமை அவனுடைய சொந்த விஷயமாக இல்லாமல், நாலாவது கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானமாகிவிட்டது.

படச்சுருள் மூன்று டப்பா பம்பாயிலிருந்து வந்து சேர்ந்தது. டப்பாவுக்கு நாலு நிமிஷம். ஆக மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். ஐந்தாவது கூட்டத்தில் இந்தப் பன்னிரண்டு நிமிஷமும் பங்கீடு செய்யப்பட்டது.

“முதல் நாலு நிமிஷம் அக்ராசனர் உரை,” என்று சில்வெஸ்டர் படித்தார்.

ரெமிஜியஸ் செருமினார். “சார், இது ஊமைப் படம். பேச்சு கேக்காது.”

“கேக்க வேண்டாம் ஓய். பேசறது தெரிஞ்சா போறும்,” என்றார் சீனிவாசராகவன். “முப்பது வருஷம் தாலுகா தாலுகாவா நின்னு பேசினேன். எவன் கேட்டான்? ஆனா நான் பேசறேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது. அது போறாதோ?”

போதும் என்று ஏகமனதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்து, காரியதரிசியின் அறிக்கை மூன்று நிமிஷம். கொடியசைப்பு இரண்டு. மாலை மரியாதை ஒன்றரை. வந்தனோபசாரம் ஒன்று.

“இன்னும் அரை நிமிஷம் மிச்சம் நிக்குது,” என்றார் ரெமிஜியஸ்.

“அது யாத்திரைக்கு,” என்றார் சில்வெஸ்டர் பெருந்தன்மையோடு.

“அரை நிமிஷத்துல பெஷாவருக்கு எப்படி மச்சான் போறது?” என்று முக்காலியிலிருந்து நோயல் கேட்டான்.

“போறது உன் வேலை. காட்டறது எங்க வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

‘யாத்திரைக்கும் நேரம் ஒதுக்கியமைக்காகப் பயணி சங்கத்துக்குத் தம் நன்றியைத் தெரிவித்துக்கொண்டார்’ என்று பெர்னதெத் குறிப்பில் எழுதினாள். அவன் தெரிவிக்கவில்லை. ஆனால் அப்படி எழுதுவதுதான் வழக்கம் என்று சில்வெஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மைக்கூட்டை மூடினாள். திறந்து மறுபடி மூடினாள்.

ஆறாவது கூட்டம் சரித்திரப் பிரசித்தமானது. உண்மைப் படத்தில் என்னென்ன உண்மைகள் நடக்கவேண்டும் என்ற ஜாபிதா அன்றுதான் தயாராயிற்று. அறுநூறாவது மைலுக்கும் எழுநூறாவது மைலுக்கும் இடையில் ஒரு புலி. நர்மதை நதியில் ஒரு வெள்ளம். பஞ்சர் மூன்று: ஒன்று சோகமாக, ஒன்று ஹாஸ்யமாக, ஒன்று தத்துவார்த்தமாக.

“புலி வரலைன்னா?” என்றான் நோயல்.

“ஏன் வரலைன்னு எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணும்,” என்றார் சில்வெஸ்டர்.

“யாரு, புலியா?”

“நீதான்டா.”

ஏழாவது கூட்டத்தில் சைக்கிளை யார் ஆசீர்வதிப்பது என்ற கேள்வி எழுந்தது. பூஜை போடாமல் இரும்பு வாகனத்தைத் தொடுவது தமக்குச் சம்மதமில்லை என்றார் அக்ராசனர். கோயில் ஃபாதர் தீர்த்தம் தெளிக்காமல் மைத்துனனை அனுப்பத் தம் மனசாட்சி இடம் கொடாது என்றார் காரியதரிசி. இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் முன்சக்கரம் ரோமாபுரிக்கு, பின்சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம், மணிக்குச் சந்தனம் என்று முடிவாயிற்று. பாரத தேசத்தின் ஒற்றுமை அன்று கண்ணெதிரே நிலைநாட்டப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் அக்ராசனர் இரண்டாவது டம்ளர் காப்பியும் தம் கூஜாவிலிருந்தே ஊற்றிக்கொண்டார்.

எட்டு, ஒன்பது, பத்தாவது கூட்டங்களை மழை எடுத்துக்கொண்டது. ரெமிஜியஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார். “லைட் போதாது சார்,” என்பார். அத்துடன் புறப்பாடு ஒத்திவைக்கப்படும்.

“நான் எப்பத்தான் கிளம்பறது?” என்று நோயல் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

“அதுதானே கடைசி ஐட்டம்? வருவோம், அவசரப்படாதே,” என்பார் அக்ராசனர். கடைசி ஐட்டத்துக்குச் சரியாக முந்தின ஐட்டத்தில் அவருடைய ஜட்கா வந்து வாசலில் நின்றுவிடும். பட்டறையில் நோயலை ‘என்னப்பா பெஷாவர், இன்னும் இங்கதான் இருக்கியா?’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் அதை வீட்டில் சொல்லவில்லை. பெர்னதெத்திடம் மட்டும் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி, வியாழக்கிழமை, பொழுது விடிகிற நேரத்தில் கேட் கொண்டியை யாரோ மெதுவாக நீக்கும் சத்தம் கேட்டது. பெர்னதெத் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். எண்ணெய் போட்ட சங்கிலி ஓடும் சத்தம் அடுத்தாற்போல் வந்தது. எழுந்து போனால் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் அவன் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் அது ஒரு தகவல் ஆகிவிடும். தகவல் ஆனால் காரியதரிசிக்குத் தெரிவிக்க வேண்டும். காரியதரிசியோ பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் எழவில்லை. தெருமுனையில் மணி ஒரே ஒரு தரம் அடித்தது. அந்த நேரத்தில் தெருவில் விலகுவதற்கு ஆள் யாரும் இருந்திருக்க முடியாது. அது தனக்காக அடித்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அனந்தபூரிலிருந்து கார்டு வந்தது. ‘அக்கா, கிளம்பிவிட்டேன். அன்றைக்கு வெயில் நன்றாக இருந்தது. மச்சானிடம் சொல்லிவிடு.’

பதினோராவது கூட்டம் அவசரக் கூட்டம்.

“போய்ட்டான் சார்!” என்றார் ரெமிஜியஸ். “காமிராவை டீ ஷாப்ல விட்டுட்டு ட்ரெயின் ஏறின மாதிரி இருக்கு எனக்கு.”

“போகலை,” என்றார் சீனிவாசராகவன். அவருடைய நிதானத்தை எவ்வளவு மெச்சினாலும் தகும். “புறப்பாடுன்னா என்ன? அக்ராசனர் கொடியசைக்கணும். நான் அசைச்சேனா?”

“இல்லை சார்.”

“நீர் படம் எடுத்தீரோ?”

“இல்லை.”

“அப்புறம் எப்படி ஓய் அவன் புறப்பட்டிருப்பன்? ரிக்கார்டு பிரகாரம் அவன் இங்கேதான் இருக்கான்.”

மூவரும் முக்காலியைப் பார்த்தார்கள். முக்காலி ரிக்கார்டுக்கு விரோதமாகக் காலியாக இருந்தது.

பெர்னதெத்தின் தாய் மோனிக்கம்மா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு அவளும் நோயலும் மகள் வீட்டோடு வந்துவிட்டவர்கள். “அனந்தபூர்ல சாப்பாடெல்லாம் கிடைக்குதாமா புள்ளைக்கு?” என்று கேட்டாள்.

“அம்மா, அவன் அனந்தபூர்ல இருக்கானாங்கறதே இன்னும் தீர்மானம் ஆகலை,” என்றார் அக்ராசனர்.

‘பயணி முன்னறிவிப்பின்றிக் கூட்டத்துக்கு வரத் தவறினார்’ என்று பெர்னதெத் எழுதினாள். எழுதும்போது சிரிப்பு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

கார்டுகள் தொடர்ந்து வந்தன. பகலில், சில்வெஸ்டர் ஆபீசுக்குப் போயிருக்கும் நேரத்தில் தபால் வரும். கர்னூலில் பாலத்துக்கு அடியில் ஒரு பஞ்சர். ஒட்டிக் கொடுத்தவர் ஒரு நாவிதர். ஹைதராபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் படுக்கை. காலையில் எழுந்தால் இருபது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புலி வரவில்லை, விளக்கம் பின்னால். எந்த ஊருக்குப் போனாலும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘யார் அனுப்பினார்கள்?’ ‘யாரும் அனுப்பவில்லை என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள் அக்கா. எனக்கே இப்போதுதான் நம்பிக்கை வருகிறது.’

அந்த வரியைப் பெர்னதெத் எத்தனை தரம் படித்தாள் என்பது குறிப்பில் இல்லை. அவளுக்கு ஏற்பட்டதைப் பொறாமை என்று சொல்ல முடியாது; பொறாமைப்படுவதற்குத் தனக்கும் ஏதாவது கிடைத்திருக்கலாம் என்ற எண்ணம் வேண்டும். அது அவளிடம் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் மத்தியானத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நீட்டியிருந்த கால் இரண்டும் ஒன்று மாற்றி ஒன்று மெல்ல அழுந்துவதைக் கவனித்தாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டாள்.

நாகபுரிக் கார்டின் அடியில் ஒரு வரி இடுக்கி எழுதியிருந்தது. பதினெட்டாம் தேதி வாக்கில் இன்ன ஊர்த் தபாலாபீசில் வந்து விசாரிப்பான். எழுதுவதானால் அங்கே எழுதலாம். அக்கா எழுதினால் போதும், வேறு யாரும் வேண்டாம். அந்த ஊரின் பெயரை இங்கே குறிப்பிடுவதற்கில்லை. சங்கத்தார் இன்னும் பெங்களூரில்தான் இருக்கிறார்கள். பெர்னதெத் தாய்க்குக் கார்டைப் படித்துக் காட்டினாள். கடைசி வரியைப் படிக்கவில்லை. கார்டை எங்கே வைத்தாள் என்பதும் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அக்ராசனர் ஜட்காவிலிருந்து இறங்கும்போதே கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு பெரிய மனிதர், பெயரைச் சொல்லக்கூட உரிய முன்னனுமதி தேவைப்படுகிற அளவுக்குப் பெரிய மனிதர், அடுத்த ஞாயிறு இருபத்துநாலாம் தேதி நேரில் வந்து கொடியசைக்கச் சம்மதித்துவிட்டார்.

“உம்ம விஷயமும் அவர் காதுல போட்டிருக்கேன் சில்வெஸ்டர்,” என்று குரலைத் தாழ்த்தினார். “சூப்பரிண்டெண்டெண்ட் இடம் காலியாறதோன்னோ? மேடையில உம்மைப் பார்த்தா ஞாபகம் வச்சுப்பர்.”

சில்வெஸ்டரின் கண்கள் கலங்கிவிட்டன. பதினொரு வருஷத்தில் பெர்னதெத் அவரை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

“எல்லாம் சரி சார்,” என்றார் ரெமிஜியஸ். “கொடி அசைச்சா போறதுக்கு ஆள் வேணுமே. பட்டறைப் பையன் எவனையாவது சைக்கிள்ல ஏத்தி உட்டுடலாமா?”

அக்ராசனர் காதைப் பொத்திக்கொண்டார். “என்ன பேச்சு ஓய் இது! நாம எடுக்கறது உண்மைப் படம். பொய் ஆளை வச்சு எடுக்கறதா? நோயல்தான் வரணும். வந்து, முறைப்படி கிளம்பட்டும். அப்புறம் அவன் பெஷாவர் போனா என்ன, பட்டறைக்குப் போனா என்ன? அரை நிமிஷம்தானே? லால்பாக் பாறை இருக்கு. கைபர் கணவாய்க்கு அது தாராளமா போறும்.”

“கூப்பிட்டா வருவானா?”

“வர மாதிரி கூப்பிடணும்,” என்ற சில்வெஸ்டர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். தந்திப் படிவம். உண்மையின் மேல் அவர்களுக்கிருந்த பக்தி எத்தகையது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை: ஒரு பொய் ஆளைத் தவிர்ப்பதற்காக எந்தப் பொய்யையும் சொல்லத் துணிந்துவிட்டார்கள்.

“அத்தை, கொஞ்சம் இங்க வாங்க,” என்று மாமியாரைக் கூப்பிட்டார். “உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு தந்தி குடுக்கப் போறோம். நோயல் ஓடி வந்துடுவான்.”

மோனிக்கம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். மகனைப் பார்க்கலாம் என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பெர்னதெத் பார்த்தாள். “என்னா நோவுன்னு போடுவீங்க மாப்ளே?”

“அது வந்து, காய்ச்சல்னு...”

“காய்ச்சல் எனக்கு வராதே. ஜென்மத்துக்கே வந்ததில்ல. அவனுக்குத் தெரியும்.”

“மார்வலின்னா?” என்றார் ரெமிஜியஸ்.

“ஐயய்யோ, அது எங்க அக்காவுக்கு வந்தது. போய் சேர்ந்துட்டா. வாயால சொல்லாதீங்க.” சிலுவை போட்டுக்கொண்டாள்.

“எதுவா இருந்தாலும் இருபத்துநாலாம் தேதிக்குள்ள குணமாயிடணும்,” என்று அக்ராசனர் எச்சரித்தார். “மாலை மரியாதையில தாயார் நிக்கணும். ஜாபிதாவில இருக்கு.”

“வியாதி பேரே வேண்டாம் சார். சீரியஸ்னு மட்டும் போட்டுடலாம். மீதியை அவனே நினைச்சுப்பான்,” என்றார் சில்வெஸ்டர். “கையெழுத்துத்தான் யோசனை. என் பேரைப் போட்டா நம்பமாட்டான். அத்தை பேரைப் போட்டா, சாகக் கிடக்கறவங்களே தந்தியாபீசுக்குப் போனாங்களான்னு கேப்பான். பெர்னி போட்டாத்தான் சரி. நாகபுரிக்கு அப்புறம் எங்க போறான்னு அவளுக்குத்தான் எழுதியிருப்பான்.”

படிவம் பெர்னதெத்தின் முன்னால் வந்தது. பெறுநர் இடமும் அனுப்புநர் இடமும் காலியாக இருந்தன. நடுவில் சில்வெஸ்டரின் சாய்வெழுத்தில் நாலு இங்கிலீஷ் வார்த்தைகள்: மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.

அந்த நாலு வார்த்தைகள் அவளுக்குத் தெரிந்தவை. இதே வரிசை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மதராஸில், டீச்சர் டிரெயினிங் விடுதியில், மதர் சுப்பீரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு இதைக் கையில் கொடுத்தார். பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து, அரக்கோணத்திலிருந்து பெங்களூர் வரை ஜெபமாலையை எண்ணி எண்ணி விரல் வீங்கிப்போயிற்று. கடவுளே, என்னை எடுத்துக்கொள், அம்மாவை விட்டுவிடு என்று பேரம் பேசினாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அச்சுமுறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ‘மூஞ்சி கழுவிட்டு வாடி, நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வராங்க’ என்றாள். கடவுள் பேரத்தின் முதல் பாதியை மட்டும்தான் கேட்டிருந்தார் போலிருக்கிறது. அவள் விடுதிக்குத் திரும்பிப் போகவில்லை. டிரங்குப் பெட்டி பார்சலில் வந்தது.

தந்தி அப்பாவின் வேலை என்று நினைத்திருந்தாள். அவர் இறந்த வருஷம் அதற்காக அவரை மன்னித்தும் விட்டாள். சிரமப்பட்டுத்தான் மன்னித்தாள், ஒரு தவக்காலம் முழுவதும் ஆயிற்று.

சீனிவாசராகவன் படிவத்தை எட்டிப் பார்த்து, “பேஷ்! என்ன டிராஃப்ட் ஓய்!” என்று வியந்தார். “ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதைத்தான் கவர்ன்மெண்ட் கைங்கறது.”

சில்வெஸ்டர் அடக்கத்தோடு சிரித்தார். “புதுசு இல்லை சார், பழைய டிராஃப்ட்தான். மாமனாருக்கு இங்கிலீஷ் வராது. எங்க கல்யாணப் பேச்சு நடந்தப்ப நான்தான் எழுதிக் குடுத்தேன். ஒரே நாள்ல வேலை செஞ்சுது.”

அவர் அதை மறைக்கவேயில்லை. மறைக்க வேண்டியது ஒன்று அதில் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. பெர்னதெத் தாயைப் பார்த்தாள். மோனிக்கம்மா அவசர அவசரமாகச் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எதுவும் ஏற்றாத அடுப்பைப் பார்த்தாள்.

அப்படியானால் தவறான ஆளை மன்னித்திருக்கிறேன் என்று பெர்னதெத் நினைத்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக, எங்கேயோ ஒரு ஊர்த் தபாலாபீஸ் ஜன்னலில் நோயல் தலையை நீட்டி, ‘எனக்கு ஏதாவது இருக்கா?’ என்று கேட்பது தெரிந்தது. இருக்கிறது என்று ஒரு கை காகிதத்தை நீட்டுகிறது. அதில் அவள் பெயர் இருக்கிறது. அவன் இரண்டாவது தரம் படிக்கமாட்டான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டேஷன் எங்கே என்று கேட்பான். வழி முழுக்க எதை எண்ணிக்கொண்டு வருவான் என்பது அவளுக்குத் தெரியும்.

சில்வெஸ்டர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். “போடு பெர்னி. மேல ஊர் பேரையும் எழுதிடு. தந்தியாபீஸ் ஞாயித்துக்கிழமை சீக்கிரம் மூடிடுவான்.”

பெர்னதெத் பேனாவை வாங்கவில்லை. படிவத்தை மேஜைமேல் திருப்பி, அவர் படிக்கும் வாக்கில், அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“அம்மா நல்லாத்தானே இருக்காங்க,” என்றாள்.

“அது எங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றார் அக்ராசனர் கனிவாக. “இது ஒரு ஃபார்மாலிட்டி. உண்மைப் படத்துக்காகத்தானே கேக்கறோம்?”

“பெர்னி,” என்றார் சில்வெஸ்டர். குரல் இறங்கியிருந்தது; அதில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. “சூப்பரிண்டெண்டெண்ட்டும்மா. இனிமே இப்படி ஒரு சான்ஸ் வராது. ஒரு கையெழுத்துத்தானே? அவன் வந்தா அத்தைக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லு.”

“போட மாட்டேங்க,” என்றாள் பெர்னதெத். காப்பி ஆறிவிட்டது என்று சொல்வாளே, அதே குரல். “ஊர் பேரும் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“அம்மா நல்லாத்தான் இருக்காங்க. போன தடவையும் நல்லாத்தான் இருந்தாங்க.”